நிலைப் பூஜைச் செலவு

ஜூன் 3, திங்கள்

கம்பிக் கடைக்காரன் கொடுத்த டைரி ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். வயிற்றெரிச்சலை எங்காவது கொட்ட வேண்டும். இவர் கண்ணில் பட்டாலும் பயமில்லை. சென்னியப்பன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் உரிமையாளராகிய என் வீட்டுக்காரர், பேப்பரில் தலைப்பைத் தாண்டிப் படித்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். ஈரோட்டில் இருபத்திரண்டு வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறோம். எல்லாம் தனி வீடுகள். கணக்கு முழுக்க நான். ஒரு வீட்டுக்கு ஒரு நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள். இப்போது இவருக்கு அடுக்குமாடி ஆசை வந்துவிட்டது. மூன்று வருடக் கணக்கை முறைப்படி எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் கடனைப் பற்றிப் பேசலாம் என்று பேங்க்கில் சொல்லிவிட்டார்கள். ஆடிட்டர் என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாராம். அதை இவர் வீட்டுக்கு வந்து என்னிடமே சொல்கிறார்.

"படிச்ச அக்கவுண்டன்ட் ஒருத்தனப் போட்டுரலாம் புள்ள. நீயும் எத்தன நாளைக்கு இதைக் கட்டீட்டு அழுவே."

நான் எப்போது அழுதேன் என்று கேட்டேன். இவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 7, வெள்ளி

ஆள் பார்க்கும் வைபவம். மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆள் உட்கார்ந்ததும் ஆபீஸில் ஏசி உண்டா என்று கேட்டான். இரண்டாமவன் என்னை ஆன்ட்டி என்றான். மூன்றாவது ஆள் திருமூர்த்தி. வயது நாற்பத்தொன்பது. இருபத்தோரு வருடம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். மில் மூடியதற்கும் உங்கள் கணக்குக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். இவர் என்னை முறைத்தார். அந்த ஆள் கோபப்படவில்லை.

"மூடப் போகுதுன்னு ரெண்டு வருஷம் முந்தியே எழுதிக் குடுத்தனுங்கம்மா. யாரும் படிக்கல," என்றார்.

பாதி முகத்தை மறைக்கிற மூக்குக் கண்ணாடி. சம்பளம் முப்பத்தைந்தாயிரம். முப்பத்தைந்தாயிரம் கொடுத்து ஒரு மூக்குக் கண்ணாடியை வாங்கியிருக்கிறோம்.

ஜூன் 10, திங்கள்

வந்து சேர்ந்தார். கூடவே நாற்காலிக்கு ஒரு மெத்தை, தயிர்சாத டப்பா, ஒரு ஸ்டேப்ளர். ஸ்டேப்ளரில் தன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். இங்கே யாராவது திருடிவிடுவார்கள் என்ற நினைப்பு போலும். மேஜையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். நான் காலையில் துடைத்த மேஜை அது.

என் நோட்டுகள் எழுபத்தாறையும் எடுத்து வைத்தேன். பில் எங்கே என்றார். ஜல்லிக்காரன் பில் கொடுப்பானா, மணல் லாரிக்காரன் கொடுப்பானா என்றேன். கேட்டு வாங்கினால் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். நான் பேசுவதையெல்லாம் குறித்துக்கொள்கிற ஆள் எனக்கு ஆகாது.

இன்னொன்று. இனிமேல் ரொக்கம் அவர் கைவசமாம். எந்தச் செலவு என்றாலும் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பாராம். நிலை வைக்கிற அன்றைக்குப் பூஜைச் சாமான்கூட அவரே கடையில் பில்லோடு வாங்கிவிடுவாராம்.

"உங்களுக்கு எதுக்குங்கம்மா அலைச்சல்," என்றார்.

அலைச்சலாம்.

ஜூன் 14, வெள்ளி

இரண்டாம் வெள்ளி. பவானிக்குப் போனேன். கோயிலுக்கு என்று இவரிடம் சொல்வது வழக்கம். கோயிலுக்கும் போகத்தான் செய்கிறேன், ஐந்து நிமிடம்.

மேகலா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். எங்களுக்கு ஒரே மகள். நான்கு வருடத்துக்கு முன்னால் தானாகவே ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். வேறு சாதி. அன்றைக்கு இவர், "அந்தப் பேரு இந்த வீட்டுல இனி வரக்கூடாது," என்றார். நான் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை இந்த டைரியில் பெருமையாக எழுத ஒன்றுமில்லை.

ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் மகள் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். வெயிலுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. குமாரபாளையம் போகிற வழியில் ஒரு மனைக்கு நாற்பத்தைந்து மாதமாகத் தவணை கட்டுகிறார்கள். மாதம் ஐயாயிரம் நான், மீதி அவர்கள். கடைசித் தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆகஸ்ட் முப்பதுக்குள் கட்டிப் பத்திரம் போட வேண்டும். தவறினால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும், கட்டியதில் பாதிதான் திரும்பும். அறுபதாயிரத்துக்கு அவள் தாலிக்கொடியை அடகு வைக்கப் போகிறாளாம். மிச்சம் அறுபது நான் தருவதாக மாசி மாதமே சொல்லியிருக்கிறேன்.

"முடியலைன்னா விடும்மா," என்றாள்.

முடியாமல் என்ன என்றேன். அந்த எக்ஸ்ரேக்காரனுக்கு ஒரு சட்டை எடுத்துப் போயிருந்தேன். தள்ளுபடியில் கிடைத்தது, அதனால்தான்.

ஜூன் 20, வியாழன்

அறுபத்தைந்தாம் நம்பர் வீட்டு நோட்டில் மஞ்சள் கறை எண் மேல் இருக்கிறதாம், மூன்றா எட்டா என்று திருமூர்த்தி கேட்டார். எட்டு என்றேன். மூன்றுதான். சும்மா சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

மூன்றுதான் என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமாம்.

சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிறபோது ஒவ்வொரு ஆளிடமும் கையெழுத்து வாங்குகிறார். கொத்தனாருக்குக் கையெழுத்து எதற்கு, அவனுக்கு என்ன தெரியும் என்றேன்.

"பொன்னான் மேஸ்திரி பத்து வருஷமா சைட்டுல பிளானைப் படிச்சுத்தானுங்கம்மா கட்டறாரு," என்றார்.

எனக்கு இப்படிப் பதில் சொல்கிறவர்களைப் பிடிப்பதில்லை. இவருக்கோ ரொம்பப் பிடித்துவிட்டது. திருமூர்த்தி அப்படிச் சொன்னார், திருமூர்த்தி இப்படிச் சொன்னார் என்று சோற்றுத் தட்டில் கை வைத்தபடி ஒரே புராணம். சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூடத் திருமூர்த்தி சொன்னால்தான் கவனிப்பார் போலிருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் நிலை நிறுத்துகிற அன்று பூஜை. நவதானியம், பால், பூ, ஐயர் தட்சணை, மேஸ்திரிக்கு வேட்டி துண்டு, ஆட்களுக்குச் சாப்பாடு. எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ஆகும். நான் நோட்டில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு எழுதுவேன். நான்கு வருடத்தில் பதினெட்டு வீடு. சிமெண்ட் விலையில் கை வைத்தால் இவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். சாமி செலவை எந்த ஆம்பிளையும் கேட்க மாட்டான்.

மேகலாவின் மனைக்கு நான் கொடுத்தது முழுக்க நிலைப் பூஜையில் வந்ததுதான். ஆனியில் மூன்று நிலை, ஆவணி முதல் வாரத்தில் இரண்டு. அறுபதாயிரத்துக்கு என் கணக்கு அதுதான். ஆனி மூன்றும் முடிந்துவிட்டது. மூன்றுக்கும் அந்த மூக்குக் கண்ணாடி திருமூர்த்தியே சாமான் வாங்கினார். ஒரு வீட்டுக்கு ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பதாம். பில்லை என்னிடம் காட்டி, "பரவால்லீங்களாம்மா?" என்று வேறு கேட்டார்.

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜூலை 12, வெள்ளி

பவானி. மேகலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாதப் பணத்துக்குப் பழைய வெள்ளிக் கொலுசை விற்றேன். கோயிலில் இன்று ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் எவனும் நிலை வைக்க மாட்டான். ஆட்களெல்லாம் பூச்சு வேலைக்குப் போய்விட்டார்கள். மூக்குக் கண்ணாடி மட்டும் ஆபீஸில் உட்கார்ந்து என் பழைய நோட்டுகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். சிமெண்ட் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். பூஜைக்கும் ஒரு பக்கம் போட்டிருப்பதைப் பார்த்தேன்.

மனிதனுக்கு மனிதன் ஒரு விலை இருக்கத்தான் செய்யும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அவர் மனைவிக்கு ஒரு பட்டுச் சேலை, மேலே ஐயாயிரம் ரூபாய் வைத்து ஆடிச் சீர் என்று கொடுத்தேன். ஆபீஸில் வேலை செய்கிறவருக்கு ஆடிச் சீர் கொடுத்த முதல் பொம்பளை நான்தான். முகம் மலர வாங்கிக்கொண்டார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 18, வியாழன்

காலையில் ஒரு சீட்டை நீட்டினார். 'ஊழியர் அன்பளிப்பு, ரொக்கம் 5,000. பட்டுச் சேலை 1, மதிப்பு சுமார் 4,200.' கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் எனக்கு இடம்.

"என்ர பொண்டாட்டிக்குச் சேலை ரொம்பப் புடிச்சுப் போச்சுங்கம்மா," என்றார்.

கையெழுத்துப் போட்டேன். என் சொந்தப் பீரோவில் இருந்த சேலை அது. அந்த நாலாயிரத்து இருநூறு என்கிற மதிப்பு ரொம்பக் குறைவு, ஏழாயிரம் ரூபாய்ச் சேலை. அதைச் சொல்லவா முடியும்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று மதியம் மூன்று பேரும் ஆபீஸிலேயே சாப்பிட்டோம். இவருக்கு வாய் சும்மா இருக்காது. அறிவழகன் வாத்தியார் வீடு கட்டின கதையை ஆரம்பித்துவிட்டார். இதை ஊரில் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு முறை சொல்லியாயிற்று.

அறிவழகன் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கருப்புச் சட்டைக்காரர். போன வருடம் ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, ராகு காலத்தில்தான் நிலை வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ஒரு பூவு, ஒரு சொட்டுப் பாலு வெக்கக்கூடாதுன்னுட்டாருங்க. ஐயரை ரோட்டுலயே நிறுத்திப் போட்டாரு. ஆளுகளுக்கு டீ மட்டும் வாங்கிக் குடுத்தாரு, அதுவும் அவரு காசு. எனக்கு நெலைக்கு ஒத்த ரூபாய் செலவில்ல," என்று இவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மூக்குக் கண்ணாடி சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எழுபத்திரண்டாம் நம்பர் நோட்டு. வாத்தியார் வீடு. நிலைப் பூஜை 18,500. ஐயர் தட்சணை 3,001 என்று உள் விவரம் வேறு எழுதியிருக்கிறேன். அந்த ஒரு ரூபாயைக்கூட விடவில்லை. அன்றைக்கு நான் சைட்டுக்குப் போகவில்லை. கதை எனக்குத் தெரியும். எல்லா வீட்டுக்கும் எழுதுகிற மாதிரி கை தானாக எழுதிவிட்டது. இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதின கழுதை நான்.

ஜூலை 24, புதன்

ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

இன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் என்ன? இவர்களுக்கெல்லாம் ஆளை வாட்டிப் பார்ப்பதில் ஒரு சுகம். இவரிடம் போய், மூக்குக் கண்ணாடி நம் ரேட்டையெல்லாம் வேறு கம்பெனிக்குச் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். இவர் காது அப்படிப்பட்ட காது. சாயங்காலம் வாசல் வரை வந்து சொல்ல வாயெடுத்தேன். இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒரு மாசத்துல மூணு லட்சம் ரூபாய் வரி மிச்சம் புடிச்சுக் குடுத்துட்டாரு புள்ள," என்றார். வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் என் யோக்கியதை இன்னும் ஒரு படி இறங்கியிருக்கும்.

ஜூலை 29, திங்கள்

இவர் சைட்டுக்குப் போன பிறகு திருமூர்த்தி கூப்பிட்டார். பதினெட்டு வீட்டின் பூஜைச் செலவையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். வாத்தியார் வீட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"ஆமா, எடுத்தேன். என்ர மகளுக்குக் குடுத்தேன். போயி முதலாளிகிட்டச் சொல்லுங்க."

"யாருக்குக் குடுத்தீங்கன்னு நான் கேக்கலீங்கம்மா," என்றார். அப்புறம் ஒரு பழைய பத்திரத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இதுல கையெழுத்து யாரோடதுங்க?"

என்னுடையதுதான். பதினொரு வருடத்துக்கு முன்னால், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். வரிக்காக என்று இவர் சொன்னார்.

"கம்பெனியில நீங்க பாதிப் பங்குங்க. அம்பதுக்கு அம்பது. ஆரம்பத்துல போட்ட மொதலு உங்க நகை வித்த காசுன்னு இதுலயே எழுதியிருக்குது. வருசா வருசம் லாபத்துல பாதி உங்க பேருல ஏறி நிக்குதுங்க. நீங்க எடுத்தது அதுல நூத்துல ஒரு பங்குகூட இல்லைங்க. சொந்தக் காசை எடுக்கறதுக்கு எதுக்குங்கம்மா சாமி பேரைச் சொல்லோணும்?"

உட்கார்ந்துவிட்டேன்.

பூஜை என்று எழுதியது தப்பு, அதை மாற்றிப் 'பங்குதாரர் லோகநாயகி எடுத்தது' என்று போட வேண்டுமாம். முதலாளி பெயரிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதாம். பார்க்கிறேன் என்றேன். காட்டினார். இவர் எடுத்தது மூன்று பக்கம் போனது. கிளப்பில் சீட்டாட்டம், கொடைக்கானல் இரண்டு முறை, கார், தேர்தலுக்கு யாருக்கோ கொடுத்தது. எல்லாம் 'சைட் செலவு' என்று சொல்லி என்னையே எழுத வைத்தது. நான் பயந்து பயந்து ஐயர் தட்சணையில் பன்னிரண்டாயிரம் திருடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இத்தனை நாள் இவரை முட்டாள் என்று நினைத்திருந்தேன். வீட்டில் முட்டாள் வேறு ஆள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆனால் பேங்க்குக்குப் போகிற தாளில் இரண்டு பெயரும் இருக்கும், இரண்டு பேர் எடுத்ததும் இருக்கும். மறைக்க முடியாது என்று திருமூர்த்தி சொல்லிவிட்டார். கெஞ்சினேன். என் வாழ்க்கையில் சம்பளக்காரரிடம் கெஞ்சியது இதுதான் முதல் தடவை.

"பொய்யை எடுத்துப் போட்டு வேற பொய்யை வெக்க முடியாதுங்கம்மா. நீங்களே சொல்லிருங்க, அதுதான் நல்லது," என்றார்.

நல்லது கெட்டது சொல்லத்தான் முப்பத்தைந்தாயிரமா?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சொல்லிவிட்டேன். காலைச் சிற்றுண்டிக்கு முன்னால். தோசை சுட்டுக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று.

முதலில் இவருக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு தட்டு பறந்தது. திருட்டுக்கழுதை, குடும்ப மானம் எல்லாம் வரிசையாக வந்தன. நான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"என்ர பங்குலதான் எடுத்தேன். கொடைக்கானலுக்குப் போகல."

இவர் வாய் அப்படியே நின்றது. அந்த ஒரு நிமிடத்துக்காகக் கல்யாணம் ஆன இருபத்தொன்பது வருடமும் காத்திருந்த மாதிரி இருந்தது. அதற்குள் கல்லில் கிடந்த தோசை கருகிவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

மூக்குக் கண்ணாடியை வேலையை விட்டு நிறுத்தப் போவதாக ஆபீஸில் இவர் சத்தம் போட்டது பக்கத்து எலெக்ட்ரிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். யாருடைய சம்பளத்தைத் தின்றுகொண்டு யாருக்கு வேலை பார்க்கிறாய் என்று கேட்டார்.

"நான் ரெண்டு முதலாளிக்கும் வேலை பாக்கறனுங்க. பத்திரத்துல அப்பிடித்தான் இருக்குது," என்றார் அந்த மனுஷன். நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

நிறுத்த முடியாது. பேங்க் ஃபைல் அவர் ஒருவருக்குத்தான் புரியும். இவர் கத்திவிட்டு, திரும்பி வந்து, அதே மேஜையில் உட்கார்ந்து வட்டி எவ்வளவு வரும் என்று அவரிடமே கேட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பவானி. இந்த முறை கோயிலுக்கு என்று சொல்லவில்லை. மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது என்று எழுத ஆசைதான். நேராகத்தான் இருந்தது.

மேகலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழுதாள். "எனக்காக நீ திருடின்னு பேரு வாங்கோணுமாம்மா, மனையே வேண்டாம்," என்றாள். திருட்டு இல்லை, பாதி எனக்குச் சொந்தம் என்று விளக்கினேன். மூக்குக் கண்ணாடி சொன்ன அதே வார்த்தைகள். எனக்கே சிரிப்பு வந்தது. அந்த எக்ஸ்ரேக்காரன் சைக்கிளில் எனக்கு இளநீர் வாங்கி வந்தான். பெயர் இளம்பரிதி. நாலு வருடத்தில் இன்றைக்குத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இவருடைய மூளை வேலை செய்துவிட்டது. ஆடிட்டரிடம் சொல்லி ஒரு பத்திரம் தயார் செய்து கொண்டுவந்தார். நான் கம்பெனியை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று. பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்கள் ஆறு.

"போடு. முடிஞ்சுது. அப்பறம் உனக்கு என்ன வேணுமோ நானே தர்றேன்," என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். நான்கு பக்கம், ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு பெற்றுக்கொண்டேன், என்று பெற்றுக்கொண்டேன், யார் கையால் பெற்றுக்கொண்டேன் என்று கேட்டேன். அது சும்மா எழுதுகிற வாசகம் என்றார்.

நான் போடவில்லை. பேனாவை மூடி இவர் பையிலேயே சொருகினேன்.  

ஆகஸ்ட் 16, வெள்ளி

மூன்று நாளாக இவருக்கு ஹோட்டல் சாப்பாடு. மூன்றாம் நாளே வயிறு சரியில்லாமல் ரசம் வேண்டும் என்றார். வைத்துக் கொடுத்தேன். ரசத்துக்கும் கையெழுத்துக்கும் சம்பந்தம் இல்லை.

பேங்க்கில் இருந்து போன் வந்தது. கடன் பத்திரத்தில் இரண்டு பங்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும், புதன்கிழமைக்குள் வாருங்கள் என்றார்களாம். விலகல் பத்திரம் போட்டாலும் புதுசாக எல்லாவற்றையும் எழுத மூன்று மாதம் ஆகும் என்று திருமூர்த்தி இவரிடம் சொன்னாராம். அதற்குள் அடுக்குமாடிக்கு நிலம் தருகிறவன் வேறு பில்டரைப் பார்த்துவிடுவான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். முகச்சவரம் செய்யாத முகம். எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னதான் பண்ணோணுங்கறே?"

பேங்க்குக்கு வருகிறேன், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதற்கு முன்னால் என் பங்கில் இருந்து அறுபதாயிரம். ரொக்கமாக வேண்டாம், செக்காக. அடுப்படியில் வைத்து வேண்டாம், ஆபீஸில் வைத்து. மகள் பெயருக்கு. கையெழுத்து இவருடையது.

"அறுபதாயிரம் ஒரு பணமா? ரொக்கமா எடுத்துக் குடுத்துத் தொலை. என்ர கையில எதுக்கு எழுத வெக்கிறே?"

"நாலு வருஷமா ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்துட்டேனுங்க. இனி என்னால முடியாது."

எழுந்து போய்விட்டார்.  போகிற போக்கைப் பார்த்தால் அடுக்குமாடியையே விட்டுவிடுவார் என்று பயந்தேன். இந்த மனுஷனின் வீம்பு எனக்குத் தெரியும். மனை போனால் மேகலாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். 

ஆகஸ்ட் 21, புதன்

பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். இவர் பதினொன்றரைக்கு வந்தார், வெள்ளை வேட்டி சட்டையில், பேங்க்குக்குப் போகிற தோரணையில். யாரையும் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தச் செக்கை எடுங்க," என்றார் திருமூர்த்தியிடம்.

திருமூர்த்தி செக் புத்தகத்தைப் பிரித்தார். தேதி எழுதினார். தொகை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டு எடுத்தார். இந்த ஆளின் நிதானம் ஒரு நாள் யாரையாவது கொன்றுவிடும் என்று நினைத்தேன்.

"பேரு என்னன்னுங்க முதலாளி எழுதறது?"

எனக்குப் பெயர் வாய் வரை வந்தது. திருமூர்த்தி என் பக்கம் திரும்பவே இல்லை. இவர் மேஜை மேல் இருந்த சிமெண்ட் கம்பெனி காலண்டரை ரொம்ப நேரம் பார்த்தார். 

"மேகலா," என்றார்.

நான்கு வருடம், இரண்டு மாதம். அந்த வாயில் அந்தப் பெயர்.

திருமூர்த்தி எழுதவில்லை. பேனாவைத் தூக்கியபடியே இருந்தார். "இனிஷியல் என்னங்க? பேங்க்ல இருக்கற மாதிரியே இருந்தாத்தான் பாஸ் பண்ணுவாங்க. கல்யாணம் ஆனவங்க சில பேரு மாத்திக்கறாங்க. அதான் கேக்கறனுங்க."

இவர் கழுத்து நரம்பு எழும்பியதைப் பார்த்தேன். கத்தப் போகிறார், எழுந்து போகப் போகிறார், எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமினார்.

"என்ரதுதான் இருக்கும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "என்ரதே போடுங்க. அவ மாத்தியிருக்க மாட்டா," என்றார்.

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். எனக்கு முன்னால் நடந்து போய் காரில் உட்கார்ந்தார். பேங்க்கில் இருபத்தேழு இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டேன். இவர் ஒரு முறைகூட மணி பார்க்கவில்லை.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். மேகலாவின் பாஸ்புக் நகலைக் காலை பத்து மணிக்கே திருமூர்த்தியிடம் கொடுத்திருந்தேன். இவர் வந்து உட்கார்ந்தபோது அது திருமூர்த்தியின் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. பெயரும் இவருடைய இனிஷியலும் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் இருந்தன.